முப்பத்தொன்றாம் கேள்வி

அத்தியாயம் 4

மாரண்டஹள்ளி பேருந்து நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஊரில் தங்களை ஒருவருக்கும் பிடிக்கவில்லை என்பது ஆமிருக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. டீ மாஸ்டர் டம்ளரைப் பலகையில் வைத்த வேகத்தில் பாதி டீ வெளியே கொட்டியது.

"துப்பறியறவங்க நீங்கதானா? அந்தச் செல்லிப் பொண்ணுக்காக வந்திருக்கறதா சொன்னாங்க."

"டீ குடிக்கத்தாண்ணா வந்தோம். பாதி டம்ளர்ல இருக்குது, பாதி பலகையில இருக்குது. எங்க பங்கு எதுன்னு சொன்னா குடிச்சிட்டுக் கெளம்பிடுவோம்" என்றான் ஆமிர்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "பரீட்சையில சீட்டு வெச்சவளுக்கு வக்காலத்து வாங்க ரெண்டு பேரு. அவ அண்ணன் முருகன் தங்கமானவன். முப்பத்தி நாலு வயசுல இப்பத்தான் அவனுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்குது, ஆவணியில. இவன் தங்கச்சிய அவங்க பையனுக்குக் குடுத்து, அவங்க பொண்ண இவன் எடுக்கறான். அதுக்குள்ள இப்படி ஒரு அசிங்கம். மனுசன் மூஞ்சியில ஈயாடல."

நிர்மலாதேவி கைப்பையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருஷம் பொய் க்ளெய்ம்களைக் கிளறிப் பார்த்தவள் அவள். இப்போது தருமபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். அந்த நிலையத்தின் ஒரே ஊழியன் ஆமிர். ஏழு முறை வங்கித் தேர்வு எழுதியவன். எட்டாவது முறை விண்ணப்பிக்கப் போனபோது வயது வரம்பைப் பத்தொன்பது நாளில் தாண்டியிருந்தான். அந்தப் பத்தொன்பது நாள் மீது அவனுக்கு இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த வழக்கில் அவன் முந்திக்கொண்டு வந்ததற்கும் அதுதான் காரணம். இங்கே 'ஏணி' என்று ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே நடக்கும் தேர்வில் முதலிடம் பிடிப்பவருக்கு ஓசூர் தொழிற்சாலை ஒன்று அலுவலக வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு வேலைக்கு, போன ஞாயிற்றுக்கிழமை அறுபத்திரண்டு பேர் எழுதினார்கள். ஐம்பது கேள்வியும் ஒரே ரகம். ஒரு வேலைக்கான நிபந்தனைகளைக் கொடுத்து, ஓர் ஆளின் விவரத்தையும் கொடுத்து, இவரை எடுக்கலாமா, கழிக்கலாமா, மேலாளர் முடிவுக்கு விடலாமா என்று கேட்கும் கேள்விகள். தேர்வு முடிந்து பைகளைத் திருப்பிக் கொடுத்தபோது செல்லியின் பையிலிருந்து ஐம்பது விடைகள் எழுதிய சீட்டு விழுந்தது. அதை எடுத்துக் காட்டியவன் அவள் அண்ணன் முருகன். மையத்தில் அவன் உதவியாளன்.

அதோடு செல்லியின் கதையை முடித்துவிட்டார்கள். இன்று செவ்வாய்க்கிழமை. நான்கு மணிக்கு ஓசூருக்கு வேறொரு பெயர் போகப்போகிறது. இப்போது மணி மூன்று.

மையத்தின் மாடிப்படியில், ஏறுகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும் என்கிற மாதிரி நட்டநடுவில் உட்கார்ந்திருந்தாள் செல்லி. இருபத்திரண்டு வயது. நேற்றுக் காலையிலிருந்து அந்தப் படியை அவள் விடவில்லை. எதிரே தக்காளி மண்டியில் காய் தரம் பிரிக்கும் அவள் அம்மா பெரியம்மாள் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது.

"லேட்டா வர்றீங்க" என்றாள்.

"பாலக்கோட்டுல பஸ்ஸு நின்னுபோச்சு" என்றான் ஆமிர். "தள்ளிப் பாத்தோம். எங்களவிட அது பிடிவாதக்காரப் பஸ்ஸு."

செல்லி அவனைப் பார்க்கக்கூட இல்லை. "மேடம், நான் சீட்டு வெக்கல. நம்பறீங்களா, இல்லையா?"

"நம்பறதுக்கு நான் வரல. பாக்கறதுக்கு வந்திருக்கேன்" என்றாள் நிர்மலாதேவி.

"அப்ப போய்ப் பாருங்க."

கெஞ்சலும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஆமிருக்கு அந்தக் கணத்திலேயே அவளைப் பிடித்துப்போயிற்று.

மேலே அலுவலக அறையில் மையத்தின் உரிமையாளர் அறிவழகன் இவர்களைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு எதிரே நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார் மாந்தோப்புக்காரர் சென்னப்பன். அவர் மகன் அருள்குமார் ஜன்னலோரம் போனில் விளையாடிக்கொண்டிருந்தான். செல்லியைக் கழித்துவிட்டால் முதலிடம் அருள்குமாருக்குத்தான். பீரோவுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றவன் முருகன். ஒல்லியான, சவரம் செய்யாத முகம்.

"அந்தப் பொண்ணு படியை விட்டு எழுந்திருக்கணும், அதுக்காகத்தான் உங்கள உள்ள வுட்டேன்" என்றார் அறிவழகன். "பாத்துட்டு அவளயும் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

"நாலேகாலுக்குத் தருமபுரி பஸ்ஸு இருக்குது" என்று சென்னப்பன் சேர்த்துக்கொண்டார். "அதுல ஏறிட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது. இல்லன்னா இந்த ஊர்ல இருந்து எப்படிப் போவீங்கன்னு எனக்குத் தெரியாது."

"அதையும் நீங்களே சொல்லிட்டா உபகாரமா இருக்கும். நாங்க வந்த பஸ்ஸு அந்த லட்சணத்துல இருந்துச்சு" என்றான் ஆமிர்.

சென்னப்பனின் மீசை துடித்தது. நிர்மலாதேவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவ திருடினான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"இதுல முடிவு பண்றதுக்கு என்னங்க இருக்குது?" அறிவழகன் எரிந்து விழுந்தார். "பீரோவுல ஆன்சர் கீ கவரு கிழிஞ்சு கெடந்துச்சு. சேலத்துலருந்து கேள்வி தயாரிச்சவரு சீல் வெச்சு அனுப்பின கவரு. இவ பையில சீட்டு. அத மனப்பாடம் பண்ணிட்டுப் போயி உள்ள எழுதியிருக்கா. அதயும் எடுத்துக் குடுத்தது யாரு? கூடப்பொறந்த அண்ணன். தங்கச்சின்னு மறைக்காம என் கையில குடுத்து, 'சார், இத அவ விடைத்தாளோட வெச்சுப் பாருங்க, ஐம்பதும் அப்படியே பொருந்தும்'னான். அங்கயே வெச்சுப் பாத்தோம். பொருந்திச்சு. அவ தாள மடிச்சு ஓரமா வெச்சுட்டோம்."

"திருத்தவே இல்லையா?"

"திருட்டுத்தாள எதுக்குத் திருத்தணும்?"

நிர்மலாதேவி ஒரு கடலையை உடைத்தாள். "சீட்டை விடைத்தாளோட வெச்சுப் பாத்தீங்க, சரி. ஆன்சர் கீயோட வெச்சுப் பாத்தீங்களா?"

அறிவழகன் அவசரமாகப் பீரோவைத் திறந்து ஆன்சர் கீயையும் மற்றதையும் எடுத்தார்.

"ஆமிர், பாரு."

சீட்டு, விடைத்தாள், ஆன்சர் கீ மூன்றையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினான் ஆமிர். அ என்றால் தேர்வு செய்க, ஆ என்றால் நிராகரிக்க, இ மேலாளருக்கு, ஈ பொது மேலாளருக்கு, உ என்றால் தகவல் போதாது. ஏழு வருஷம் கனவிலும் விடாத எழுத்துகள். விரலை வைத்துக்கொண்டு இறங்கினான். பத்து சரி. இருபது சரி. முப்பதும் சரி. இந்தப் பெண் தலையில் என்னதான் வைத்திருக்கிறாள் என்று வியந்தபோது விரல் நின்றது.

"மேடம், முப்பத்தொண்ணு."

"என்ன?"

"சீட்டுல 'தேர்வு செய்க'. செல்லி தாள்லயும் அதேதான். ஆனா கீயில 'தகவல் போதாது'." கடைசிவரை ஓட்டிப் பார்த்தான். "மத்த நாப்பத்தொம்போதும் சரி. இது ஒண்ணுதான் தப்பு."

"ஒண்ணு தப்பானா என்னங்க இப்ப? அவசரத்துல தப்பாப் பாத்து எழுதியிருப்பா" என்றார் சென்னப்பன்.

நிர்மலாதேவி ஆமிரிடம், "செல்லிய மேல கூப்பிடு" என்றாள்.

செல்லி வந்து வாசலோடு நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஆமிர் கேள்வித்தாளைப் படித்தான். களப்பணியாளர் வேலை. பட்டப்படிப்பில் அறுபது சதவீதம் வேண்டும், வயது இருபத்தெட்டுக்குள் இருக்க வேண்டும், வண்டி ஓட்ட உரிமம் வேண்டும், கன்னடம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தொன்றாம் கேள்வியில் வரும் பெண்ணுக்கு அறுபத்து நான்கு சதவீதம், வயது இருபத்தைந்து, உரிமம் உண்டு, கர்நாடக எல்லையை ஒட்டிய கிராமத்தைச் சேர்ந்தவர்.

"இதுக்கு என்ன விடை போட்டே?" என்று அவனே கேட்டான்.

"தேர்வு செய்கன்னு. எல்லாந்தான் பொருந்துதே."

"கன்னடம் தெரியுமா அந்தப் பொண்ணுக்கு?"

"என்னங்க கேக்கறீங்க? எல்லையில பொறந்துட்டுக் கன்னடம் தெரியாம இருக்குமா? எங்க தெருவுல ஆடு மேய்க்கறவரு ஆட்டையே கன்னடத்துலதான் திட்டுவாரு."

"அது நம்ம ஊரு. கேள்வியில எழுதியிருக்குதா?"

செல்லி தாளை வாங்கிப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். அவள் காது மடல் சிவந்தது. "இல்ல" என்றாள் மெல்ல.

"எழுதாதத நாமளா நெனச்சுக்கக் கூடாது. இந்த ரகக் கேள்வியில முதல் பாடமே அதான்" என்றான் ஆமிர். "வருத்தப்படாதே. இந்தத் தப்பப் பண்ணிப் பண்ணியே எனக்கு வயசாகிப்போச்சு."

நிர்மலாதேவி எழுந்தாள். இனி அவள் பேசுவாள் என்று ஆமிருக்குத் தெரியும். சீட்டையும் கீயையும் எடுத்து அறிவழகன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"கேட்டீங்க இல்ல? இது கண்ணு பண்ணின தப்பு இல்ல, இந்தப் பக்கத்து ஆளுங்க மனசு பண்ற தப்பு. சேலத்துக்காரரு கீயில இது கெடையாது. அப்படின்னா சீட்டுக்கு வந்தது எங்கருந்து? கீயிலருந்து இல்ல. இவ தாள்லருந்து. சீட்டப் பாத்து இவ தாள் எழுதல சார். இவ தாளப் பாத்து யாரோ சீட்டு எழுதியிருக்காங்க. ரெண்டும் பொருந்துதுன்னு மட்டும் பாத்தீங்க. எது முன்னாடி வந்துச்சுன்னு பாக்கல."

அறிவழகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவளே தன் விடைய எழுதி வெச்சிருந்தா?"

"அப்ப அது திருட்டே இல்லயே. தன் தாளத் தானே காப்பி அடிச்சதுக்கு எந்த ஊர்லயும் தண்டனை கெடையாது" என்றான் ஆமிர். "அதுவும் இல்லாம ஹால்ல வெள்ளைத்தாளுக்கு அனுமதி இல்ல. தாளக் குடுத்துட்டு வெளிய வந்து பைய வாங்கினா. வாங்கும்போதே சீட்டு விழுது. அதுவரைக்கும் பை பூட்டின அறையில. எப்ப எழுதி எப்ப உள்ள வெச்சா?"

"சரி, எழுதினது யாரு?" என்றார் அறிவழகன். குரலில் பழைய முறுக்கு இல்லை.

"அதையும் உங்க கேள்வித்தாள் பாணியிலயே போட்டுப் பாக்கலாம். ஆமிர், போர்டுல எழுது."

ஆமிர் எழுதினான். ஒன்று, தேர்வு முடிந்த பிறகு விடைத்தாள் கட்டு அவர் கையில் இருந்திருக்க வேண்டும். இரண்டு, பைகள் பூட்டியிருந்த அறையின் சாவி அவரிடம் இருந்திருக்க வேண்டும். மூன்று, இதனால் அவருக்கு லாபம் இருக்க வேண்டும். பக்கத்தில் முதல் பெயராக அருள்குமார் என்று எழுதியதுதான் தாமதம், சென்னப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எவன் பேர எங்கடா எழுதற? கைய ஒடிச்சுப்புடுவேன்!"

"ஒடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு குறி மட்டும் போட்டுக்கறேன் சார். உங்க மகனுக்கு நல்ல சேதிதான்." ஆமிர் சாக்பீஸால் இரண்டு பெருக்கல் குறி இழுத்தான். "தாளக் குடுத்த கையோட உங்க கார்ல ஏறிப் போயிட்டாருன்னு செல்லி போன்லயே சொல்லிட்டா. மூணாவது மட்டும்தான் பொருந்துது. நிராகரிக்கப்படுகிறார்."

வாழ்க்கையில் முதன்முறையாக நிராகரிக்கப்பட்டதற்குச் சந்தோஷப்படுவதா, வேண்டாமா என்று தெரியாமல் அருள்குமார் விழித்தான். சென்னப்பன் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

"அறிவழகன் சார், பரீட்சை முடிஞ்சதும் நீங்க எங்க இருந்தீங்க?"

"கீழ. ஓசூர்லருந்து வந்தவங்களோட சாப்பிட்டுக்கிட்டு. அவங்கள வண்டி ஏத்திட்டு நான் மேல வந்த பின்னாடிதான் எல்லாருக்கும் பையத் திருப்பிக் குடுத்தோம். தாள அடுக்கி நம்பர் போட்டு வெக்கறது முருகன் வேலை. சாவியும் அவங்கிட்டத்தான்."

ஆமிர் முருகன் என்று எழுதினான். ஒன்று பொருந்துகிறது. இரண்டு பொருந்துகிறது. மூன்றில் சாக்பீஸ் தயங்கியது. சொந்தத் தங்கையின் வேலை போவதில் அண்ணனுக்கு என்ன லாபம்? ஊர் முன்னால் குடும்ப மானம்தானே போகும்?

"நான் எதுக்குங்க பண்ணப்போறேன்?" முருகன் முதன்முறையாக வாய் திறந்தான். "அவ என் ரத்தம். அவளால ஊர்ல தலகாட்ட முடியாம நிக்கறவன் நான்."

"முருகா," என்றாள் நிர்மலாதேவி. "நீ சீட்ட எடுத்துக் குடுத்தப்ப, இவ தாள அதுவரைக்கும் யாரும் பிரிச்சே பாக்கல. ஐம்பதும் பொருந்தும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

முருகனின் கைகள் கட்டு அவிழ்ந்து தொங்கின. அறிவழகன் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார்.

"கீயப் பாத்து எழுதியிருந்தா உனக்கே வேலை சுலபம். ஆனா இவ தாளோட ஒண்ணு ரெண்டு பொருந்தாமப் போயிடுமோன்னு பயம். அதனால கவர மட்டும் கிழிச்சுப் போட்டுட்டு, தாளப் பாத்து எழுதிட்டே. இவ ஒரு தப்பு பண்ணியிருப்பான்னு உனக்குத் தெரியல. உனக்குமே அது தப்பாத் தோணியிருக்காது. நீயும் இந்த ஊருதானே?"

"லாபம்?" என்று முணுமுணுத்தார் அறிவழகன். "அவனுக்கு என்னங்க லாபம்?"

"மூணாவது நிபந்தனைய நாம தப்பா எழுதிட்டோம். அந்த வேலை யாருக்குக் கெடைக்கணும்னு யோசிச்சோம். இவளுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு யாரு நெனப்பாங்கன்னு யோசிக்கல. ஆமிர், டீக்கடைக்காரரு என்ன சொன்னாரு?"

பலகையில் கொட்டிய டீ ஆமிருக்கு ஞாபகம் வந்தது. "ஆவணியில கல்யாணம். தங்கச்சியக் குடுத்துப் பொண்ணு எடுக்கறாங்கன்னு."

"பரீட்சையில சீட்டு வெச்சான்னு எந்தச் சம்பந்தமும் நிக்காது. பொண்ணு ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டா நின்னுடும்" என்றாள் நிர்மலாதேவி.

முருகன் பீரோவில் சாய்ந்துகொண்டான். பிறகு திடீரென்று கத்தினான்.

"ஆமாங்க, நான்தான் பண்ணேன்! பதினோரு வூடு ஏறி எறங்கினேன். நெலம் இருக்குதா, மாடி வூடு இருக்குதா, கவர்மெண்டு வேலையான்னு கேப்பாங்க. இல்லன்னு சொன்னா காப்பிகூடக் குடுக்க மாட்டாங்க. அந்த ஒரு வூட்லதான், 'இதெல்லாம் இல்லன்னாப் பரவால்ல, தங்கச்சி இருக்குதா'ன்னு கேட்டாங்க. இவ என்னடான்னா ரெண்டு வருசம் வேலை பாத்துட்டு அப்புறம் யோசிக்கறேங்கறா. அவங்க ரெண்டு வாரம்கூடக் காக்க மாட்டாங்க. எனக்கு முப்பத்தி நாலு. நான் என்ன பண்றது, சொல்லுங்க!"

ஆமிர் சாக்பீஸைக் கீழே வைத்தான். நிலம், வீடு, அரசு வேலை. மூன்றும் பொருந்தாவிட்டாலும் கொடுக்க ஒரு தங்கை இருந்தால் ஏற்கலாம். ஏழு வருஷம் அவன் படித்த கேள்விகளின் அடியில் வரும் விதிவிலக்கு அச்சு அசலாக இதே மாதிரிதான் இருக்கும். வயது தாண்டிப்போனவனின் ஆத்திரம் எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தும் முருகன் மீது அவனுக்கு இரக்கம் வரவில்லை. பத்தொன்பது நாளுக்காக அவன் யார் தாளிலும் கைவைத்ததில்லை.

அறிவழகன் செல்லியின் விடைத்தாளைப் பிரித்து, சிவப்புப் பேனாவால் மேலே நாற்பத்தொன்பது என்று எழுதினார். அடுத்த தாள் அருள்குமாருடையது, நாற்பத்து நான்கு. சென்னப்பன் மகனின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். மணி நான்காக ஐந்து நிமிடம் இருந்தது.

"உன் பேரத்தாம்மா அனுப்பறேன்" என்றார் அறிவழகன். "அதுக்கு முன்னாடி… மன்னிச்சிடும்மா."

செல்லி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முருகன் நிமிரவில்லை.

"செல்லி, நீ போயிட்டா என் கல்யாணம் நின்னுடும்" என்றான் தரையைப் பார்த்தபடி. "ஒரு வார்த்த சொல்லு."

போய் அவனை ஓங்கி ஒன்று விடவேண்டும் என்று ஆமிருக்குத் தோன்றியது. செல்லி அதைச் செய்யவில்லை. மேஜையிலிருந்த கேள்வித்தாளை எடுத்து முப்பத்தொன்றாம் கேள்வியை இன்னொரு முறை பார்த்தாள்.

"அந்த அண்ணன் சொன்னது சரிதாங்க" என்று ஆமிரைக் காட்டினாள். "எழுதாதத நாமளா நெனச்சுக்கக் கூடாது. ஞாயித்துக்கிழம நான் ரெண்டு தப்பு பண்ணேன். அந்தப் பொண்ணுக்குக் கன்னடம் தெரியும்னு நெனச்சது ஒண்ணு. பைய எங்க வெக்கறதுன்னு எல்லாரும் முழிச்சாங்க. நான் மட்டும் இவன் கையில குடுத்துட்டு, எங்கண்ணங்கிட்ட இருக்குது, பயமில்லன்னு நிம்மதியா உள்ள போயிக் குந்தினேன்."

கேள்வித்தாளை மடித்து அண்ணன் முன்னால் வைத்தாள். அறிவழகனிடம் பேனா வாங்கி ஓசூர்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பிடுங்கிப் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த தன் பையைத் தானே போய் எடுத்துக்கொண்டு, எதிரே மண்டியில் நிற்கும் அம்மாவிடம் சொல்வதற்காகப் படியிறங்கினாள்.